இலைக்கு என்ன வயசு? பழமரத்துக்கு உரம் போடும் முன் பார்க்க வேண்டியவை

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்பூட்டில் இருக்கும் எங்கள் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) யார் வீட்டு மரத்தில் இலை மஞ்சளானாலும், ஒன்றைப் பறித்துக்கொண்டு என் வீட்டு கேட்டுக்கு வந்துவிடுவார்கள். "அக்கா, இதுக்கு என்ன உரம் போடறது?" நான் உடனே உரத்தின் பெயரைச் சொல்வதில்லை. கிளையில் எந்த இடத்தில் பறித்தீர்கள், இது துளிர்த்து எத்தனை மாதம் ஆச்சு என்று கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. வயசு தெரியாத இலையை வைத்துச் சத்துக் குறை சொல்வது, பிள்ளையின் வயசைச் சொல்லாமல் எடையை மட்டும் சொல்லி "இது போதுமா?" என்று கிளினிக்கில் கேட்கிற மாதிரிதான்.

இந்தப் பழக்கம் எனக்குத் தோட்டத்தில் வந்தது. செம்பனைத் தோட்டத்தில் இலை மாதிரி எடுக்கும் கும்பலில் பல வருஷம் இருந்து, பிறகு அந்தக் கும்பலுக்கே மண்டோர் (மேற்பார்வையாளர்) ஆனவள் நான். செம்பனையில் கண்ட மட்டையை வெட்டக் கூடாது. முழுசாக விரிந்த மட்டைகளில் ஆக இளசு எதுவோ அது 1. அதிலிருந்து சுற்றிச் சுற்றி இறங்கினால் 9ஆவது, 17ஆவது மட்டைகள் ஏறக்குறைய ஒரே சாய்வில் வரும். முற்றிய மரத்தில் 17ஆவது மட்டையைத்தான் வெட்டுவோம். மரம் மாதத்துக்கு இரண்டு மட்டை விடும் என்று வைத்தால், அதன் வயசு எட்டு ஒன்பது மாதம். நடுவில் இருக்கும் கீற்றுகளை மட்டும் எடுத்து, ஈர்க்கை உரித்துப் போட்டுவிட்டு, நடுத்துண்டைப் பையில் போடுவோம். ஒவ்வொரு வருஷமும், ஒவ்வொரு மரத்திலும், அதே வயசு இலை. அப்போதுதான் போன வருஷத்து எண்ணையும் இந்த வருஷத்து எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேச முடியும்.

வீட்டில் நிற்கும் மாமரத்துக்கும் ரம்புத்தானுக்கும் 17ஆவது மட்டை கிடையாது. இலையின் வயசை நாமே குறித்து வைத்தால்தான் உண்டு. எப்படிக் குறிப்பது, அதை வைத்து என்ன செய்வது என்பதைத்தான் கீழே சொல்கிறேன்.

துளிரிலிருந்து சருகு வரை

மாமரம் துளிர்க்கும்போது கவனித்திருப்பீர்கள். புது இலை செம்பு நிறத்தில் தொளதொளவென்று தொங்கும். அந்தச் சிவப்பு, ஆந்தோசயனின் என்ற நிறமி. பச்சையம் இன்னும் அதில் சேரவில்லை. அந்த நிலையில் இலை மரத்துக்கு எதையும் சம்பாதித்துக் கொடுக்காது. பழைய இலையும் கிளையும் சேர்த்து வைத்ததைத் தின்றுதான் வளரும். சில வாரம் போனால் பச்சை ஏறி, நிமிர்ந்து, தடித்துவிடும்.

இளந்துளிரை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் மூன்றும் தாராளமாக வரும். நம் ஆட்கள் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என்று சொல்வது இவற்றைத்தான். இலை முதிர முதிர மூன்றின் சதவீதமும் இறங்கும். இதற்கு இரண்டு காரணம். செல்லின் சுவர் தடித்து, மாவுச்சத்தும் சேர்ந்து இலை கனத்துவிடுகிறது. அதே அளவு சத்து இப்போது கூடுதல் எடையில் பரவி நிற்பதால் சதவீதம் குறைவாகத் தெரிகிறது. அது போக, மரம் நிஜமாகவே இந்த மூன்றையும் எடுத்து அடுத்த துளிருக்கும் காய்க்கும் அனுப்பிவிடுகிறது.

கால்சியம் இதற்கு நேர் எதிர். வேரிலிருந்து தண்ணீரோடு ஏறி வரும். இலையில் தண்ணீர் ஆவியாகிப் போகும், கால்சியம் தங்கிவிடும். திரும்பி இறங்க அதற்கு வழியில்லை. அதனால் மாதம் ஆக ஆக ஏறிக்கொண்டே போய், வயசான இலையில் கால்சியம் ஆக்சலேட் படிகமாக உறைந்து கிடக்கும். மாங்கனீசும் இரும்பும் பெரும்பாலும் இந்தக் கட்சிதான். மக்னீசியம் இரண்டும் கெட்டான். சும்மா நிற்கும் மரத்தில் அமைதியாக இருக்கும். காய் நிறையத் தொங்கும் வருஷத்தில் பழைய இலையை விட்டு ஓடிவிடும்.

இலை உதிரும் முன் மரம் கடைசியாக ஒரு தடவை வசூல் செய்யும். இலையில் இருக்கும் நைட்ரஜன், பாஸ்பரஸில் ஏறக்குறைய பாதியை உள்ளே இழுத்துக்கொண்ட பிறகுதான் காம்பை விடும். பொட்டாசியத்தில் ஒரு பங்கு மழையில் கரைந்து, சொட்டுச் சொட்டாக மரத்தடிக்குப் போய்விடும். கீழே கிடக்கும் சருகில் மிச்சம் இருப்பதில் கால்சியம்தான் தூக்கலாக இருக்கும்.

ஆகவே எந்த நோயும் இல்லாத மரத்திலேயே நுனி இலையைக் கொடுத்தால் "தழைச்சத்து ஏராளம்" என்று வரும், அடி இலையைக் கொடுத்தால் "தழைச்சத்து போதாது" என்று வரும். மரம் ஒன்றுதான்.

நம் ஊரில் பருவம் எங்கே இருக்கிறது

வெளிநாட்டுக் கையேடுகளைப் பார்த்தால் ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவுக்குள் இலை எடுக்கச் சொல்லியிருக்கும். அது அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் வளரும் ஆப்பிளுக்குச் சொன்னது. அங்கே குளிர்காலத்தில் மரம் மொட்டையாகி, வசந்தத்தில் எல்லா இலையும் ஒன்றாகத் துளிர்க்கும். ஆகஸ்டில் சத்துகளின் ஏற்ற இறக்கம் ஓரளவு நிதானத்துக்கு வந்திருக்கும், அதனால் அந்தக் காலத்தைப் பிடித்துக்கொண்டார்கள். புளோரிடாவில் ஆரஞ்சுக்கும் அதே ஜூலை, ஆகஸ்டுதான். வசந்தத் துளிருக்கு அப்போது நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகியிருக்கும். அவர்களுக்கு மாதத்தைச் சொன்னாலே இலையின் வயசைச் சொன்ன மாதிரி.

இங்கே அந்தக் கணக்கு செல்லாது. என் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் ரம்புத்தானில் சாக்கடைப் பக்கத்துக் கிளை துளிர்விடும், சுவர்ப் பக்கத்துக் கிளை முற்றிய இலையோடு சும்மா நிற்கும். ஒரே மரம், ஒரே நாள், இரண்டு வயசு இலைகள்.

அதற்காக நமக்குப் பருவமே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. பால்மரத்தில் (ரப்பர் மரத்தில்) பால் வெட்டியவர்களைக் கேளுங்கள். தைப்பூசத்தை ஒட்டி வெயில் காயும்போது பால்மரத்து இலை மஞ்சளும் ஆரஞ்சுமாக மாறிக் கொட்டும். பிறகு புதுத் துளிர் வரும்போது பால் குறைந்துவிடும். சேர்த்து வைத்ததை மரம் துளிருக்குச் செலவழிக்கிற காலம் அது. பக்கத்தில் கோலா கங்சாரில் 1877இல் நட்டவற்றில் ஒரு பால்மரம் இன்னும் நிற்கிறது. மொட்டை வெயிலில் அந்தப் பக்கம் போனால் அண்ணாந்து பாருங்கள்.

நம் மேற்குக் கரையில் பொதுவாக ஜனவரி, பிப்ரவரி காய்ச்சல், அதாவது மழையில்லாத வறட்சி. ஏப்ரல், மே மழை. ஜூன், ஜூலை மறுபடி கொஞ்சம் காய்ச்சல். அக்டோபர், நவம்பர் தீபாவளி மழை. பழமரம் இந்தத் தாளத்துக்குத்தான் ஆடுகிறது. வருஷத் தொடக்கத்துக் காய்ச்சலில் துளிர் நிற்கும், இலை முற்றும், கிளையில் மாவுச்சத்து ஏறும். அந்தக் காய்ச்சலை அனுபவித்த டுரியான் பூக்கும். ஜூனிலிருந்து ஆகஸ்டுக்குள் பழம் விழும். பழம் முடிந்ததும் மழையைப் பார்த்துத் துளிர். ஆண்டு முடிவில் சில மரம் சின்னதாக இன்னொரு தடவை காய்க்கும்.

இதில் இலைக்குள் நடப்பது ஒன்று உண்டு. மண் காய்ந்திருக்கும்போது வேரால் பொட்டாசியத்தையும் நைட்ரஜனையும் சரியாக இழுக்க முடியாது. மண்ணில் இருக்கும், இலையில் குறையும். காய்ந்த மண்ணில் முதல் மழை விழுந்ததும் மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் விழித்து ஏராளமாக நைட்ரஜனை விடுவிக்கும். முதல் மழைக்குப் பிறகு மரமெல்லாம் குபுகுபுவென்று துளிர்க்க இதுவும் ஒரு காரணம். தீபாவளி மழையில் பிரச்சினை வேறு. மரத்தடியில் தண்ணீர் தேங்கி வேருக்குக் காற்று இல்லாமல் போகும், இலை வெளுக்கும். அந்த மஞ்சளுக்கு மருந்து மண்வெட்டி. கான் வெட்டி, தண்ணீரை வடியவிட்டு, இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். அந்த நேரம் போடுகிற உரம் மழையோடு ஆற்றுக்குப் போகும்.

நூல் கட்டுவது

இதுதான் முக்கியமான வேலை, செலவும் இல்லை. துளிர் வந்த அந்த வாரமே, அந்தக் கிளையில் ராபியா கயிற்றைத் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் கிளை பருக்கும்போது பட்டையை அறுத்துவிடும். ஒவ்வொரு துளிருக்கும் ஒரு நிறம்: மே மாதத்துத் துளிருக்குச் சிவப்பு, செப்டம்பர் துளிருக்கு நீலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியைச் சின்னச் சின்னதாக வெட்டி, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பென்சிலால் தேதி எழுதிக் கயிற்றில் கோர்த்துவிடலாம். மார்க்கர் பேனா வெயிலில் வெளுத்துவிடும், பென்சில் வெளுக்காது. மரத்தைச் சுற்றி நான்கு திசையிலும், நெஞ்சு உயரத்திலிருந்து கை எட்டும் உயரம் வரை, ஆறு எட்டுக் கிளை போதும்.

எலுமிச்சை, லீமாவ் பாலி (பம்ப்ளிமாஸ்), லீமாவ் காஸ்தூரி போன்ற நாரத்தைக் குடும்பத்துக்கு நான்கிலிருந்து ஆறு மாத இலை, அதுவும் காய் இல்லாத கிளையில் இருப்பது. காய் தொங்கும் கிளையில் காயே சத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும், அந்த இலை மொத்த மரத்தின் நிலைமையைக் காட்டாது. மாமரத்துக்குக் கடைசியாக முற்றிய துளிரின் நடு இலை, பூமொட்டு தலைகாட்டும் முன். ரம்புத்தானுக்கும் டுரியானுக்கும் கணக்கு இதுவே: முழுசாக முற்றிய கடைசித் துளிர், அதில் நுனியும் இல்லாமல் அடியும் இல்லாமல் நடு. ரம்புத்தான் கூட்டிலை என்பதால் காம்போடு எடுக்காமல் நடுவில் இருக்கும் சிற்றிலைகளை மட்டும் கிள்ளுங்கள்.

முற்றிவிட்டதா என்று மாவிலையில் தெரிந்துகொள்ள ஒரு வழி. உள்ளங்கையில் வைத்து நசுக்குங்கள். சுருண்டு கசங்கினால் இன்னும் பிஞ்சு. மொறமொறவென்று நொறுங்கினால் முற்றியது.

பறித்து அனுப்பும் முறை

காலை பத்து மணிக்குள் எடுங்கள், ஒவ்வொரு தடவையும் அதே நேரத்தில். பெரிய மழை பெய்த மறுநாள் வேண்டாம். மழை பொட்டாசியத்தை இலையிலிருந்து கழுவிக்கொண்டு போயிருக்கும், நீங்கள் பொட்டாசியம் குறைவு என்று நினைத்துப் பணத்தைக் கொட்டுவீர்கள். இலைவழி உரமோ செம்பு மருந்தோ தெளித்திருந்தால் அதற்குப் பிறகு வந்த இலையை எடுப்பது நல்லது. தெளித்த செம்பும் துத்தநாகமும் எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பூச்சி கடித்தது, நுனி கருகியது, மடிந்தது எல்லாம் தள்ளுபடி. தோப்பாக வைத்திருப்பவர்கள் ஒரே ரகம், ஒரே வயசு மரங்களில் இருபது மரத்துக்கு ஐந்து இலை வீதம் 100 இலை சேர்க்கலாம். வீட்டில் ஒரு மரம்தான் என்றால் முப்பது நாற்பது இலையை நான்கு பக்கத்திலிருந்தும் எடுத்தால் சரி. நல்ல மரத்து இலையையும் நோஞ்சான் மரத்து இலையையும் ஒரே பையில் போடாதீர்கள். இரண்டையும் கலந்து வரும் சராசரி எந்த மரத்துக்கும் பொருந்தாது. தனித்தனியாக அனுப்பினால் வித்தியாசமே பதிலைச் சொல்லிவிடும்.

பிளாஸ்டிக் பையில் கட்டிக் காருக்குள் வைத்தால் இலை வெந்து, மூச்சு வாங்கி, தன் மாவுச்சத்தைத் தானே எரித்துவிடும். எடை குறைந்து மற்ற சதவீதமெல்லாம் பொய்யாக ஏறும். காகிதப் பைதான் வேண்டும். நாசி லெமாக் மடிக்கும் தாளில் மேல் பூச்சு இருக்கும், அது வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் துளி பாத்திரச் சோப்பு கலந்த தண்ணீரில் அலசி, உடனே இரண்டு தடவை சுத்தமான தண்ணீரில் அலசுங்கள். ஊறப்போடக் கூடாது, பொட்டாசியம் கரையும். ஈப்போ பக்கம் சுண்ணாம்பு மலை உடைக்கும் இடத்துக்கு அருகில் மரம் வைத்திருப்பவர்கள் இந்த வேலையைத் தட்டிக்கழிக்காதீர்கள். இலையில் படிந்த வெள்ளைத் தூசியே கால்சியத்தை ஏற்றிக் காட்டும்.

ஆய்வுக்கூடத்தில் 65, 70 டிகிரி சூட்டில் காயவைத்துப் பொடிப்பார்கள். நைட்ரஜனை அளக்கப் பல இடங்களில் இன்னும் கெல்டால் முறைதான். யோஹான் கெல்டால் 1883இல் கோப்பன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பியர் ஆய்வுக்கூடத்தில் பார்லியில் இருக்கும் புரதத்தை அளக்கக் கண்டுபிடித்தது. பியருக்குப் பிறந்த முறை நம் மாவிலைக்கும் உதவுகிறது என்று எங்கள் கும்பல் பெண்களிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

எண்ணைப் படிப்பது

தாளில் எண் வந்ததும் எல்லா மரத்துக்கும் ஒரே அளவுகோல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். புளோரிடாவில் நாரத்தைக் குடும்பத்துக்கு, நான்கிலிருந்து ஆறு மாத இலையில், சரியான அளவு என்று வைத்திருப்பது நைட்ரஜன் 2.5 முதல் 2.7%, பாஸ்பரஸ் 0.12 முதல் 0.16%, பொட்டாசியம் 1.2 முதல் 1.7%, கால்சியம் 3.0 முதல் 4.9%, மக்னீசியம் 0.30 முதல் 0.49%. மாமரத்துக்கு நைட்ரஜன் 1.0 முதல் 1.5% இருந்தாலே போதும். உங்கள் மாவிலையில் 1.3% என்று வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். அதே 1.3% லீமாவ் பாலியில் வந்தால் மரம் பட்டினி கிடக்கிறது.

நைட்ரஜன் குறைவாகவும் கால்சியம் ரொம்ப அதிகமாகவும் சேர்ந்து வந்தால், உரக் கடைக்குப் போகும் முன் பறித்த இலையைச் சந்தேகப்படுங்கள். சொன்ன வயசைவிடக் கிழட்டு இலை பைக்குள் போயிருக்கலாம். நைட்ரஜனும் பொட்டாசியமும் உயர்ந்து கால்சியம் சொற்பமாக வந்தால் பிஞ்சு இலை. எங்கள் கும்பலில் யாராவது ஒரு மட்டை தவறி எண்ணினால்கூட இப்படிச் சந்தேகப்பட்டுத்தான் மறுபடி போகச் சொல்வார்கள்.

கண்ணால் பார்த்தே சொல்லக்கூடியவை

எல்லாரும் ஆய்வுக்குப் பணம் கட்டப்போவதில்லை. கண் போதும் என்றால் முதலில் பார்க்க வேண்டியது, மஞ்சள் அடியிலா நுனியிலா என்பது. நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் நான்கும் இலைவிட்டு இலை ஓடக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் மரம் கிழட்டு இலையிலிருந்து பிடுங்கி இளசுக்குக் கொடுக்கும், அதனால் அடி இலை முதலில் கெடும். கால்சியம், போரான், இரும்பு, துத்தநாகம், மாங்கனீஸ் எல்லாம் போன இடத்திலேயே பெரும்பாலும் தங்கிவிடும். அவை குறைந்தால் துளிர்தான் முதலில் வாடும்.

தம்புன் பக்கம் லீமாவ் பாலி வைத்திருப்பவர்கள் அடிக்கடி பார்ப்பது மக்னீசியக் குறை. பழைய இலையில் இரண்டு பக்கமும் மஞ்சளாகி, காம்புப் பக்கம் மட்டும் பச்சையாக, தலைகீழ் 'வி' மாதிரி நிற்கும். காய் நிறையப் பிடித்த வருஷத்தில், அதுவும் விதை நிறைந்த ரகத்தில், இன்னும் பளிச்சென்று தெரியும். விதைக்கு மக்னீசியம் நிறைய வேண்டும். பொட்டாஷ் என்ற பொட்டாசிய உரத்தை அள்ளி அள்ளிப் போடுவதாலும் இது வரும். மண்ணில் பொட்டாசியம் கூடினால் மக்னீசியத்தை வேர் எடுப்பது குறையும். இதற்குக் கீசரைட் என்ற மக்னீசிய உரம் போடலாம். அவசரம் என்றால் எப்சம் உப்பை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 முதல் 20 கிராம் கலந்து மாலையில் தெளிக்கலாம். மஞ்சளான இலை திரும்பப் பச்சையாகும் என்று காத்திருக்க வேண்டாம். அடுத்த துளிர் எப்படி முற்றுகிறது என்று பாருங்கள்.

ரம்புத்தானில் பழைய இலையின் ஓரம் மட்டும் கருகி வந்தால் பொட்டாசியத்தை நினைக்கலாம். ஆனால் உரத்தை வேரடியில் குவித்துக் கொட்டினாலும் ஓரம் கருகும், அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். இலை முழுக்க ஒரே சீராக வெளுத்தால், அதுவும் அடியிலிருந்து ஆரம்பித்தால், நைட்ரஜன்.

தாமான் வீடுகளில் நான் அதிகம் பார்ப்பது வேறொன்று. நுனித் துளிர் எலுமிச்சை மஞ்சளாக, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக இருக்கும். தோண்டினால் வீடு கட்டியவர்கள் புதைத்துவிட்டுப் போன சிமெண்டுக் கட்டி வரும். நம் ஊர் மண் இயல்பில் புளிப்பு; புளிப்பை அளக்கும் பிஎச் எண் 4, 5 என்று இருக்கும் (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்). அதில் இரும்பு தாராளமாகக் கரையும். சிமெண்டும் சுண்ணாம்பும் சேர்ந்து பிஎச் ஏறிவிட்டால், மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காது. இதற்கு மேலும் சுண்ணாம்பு போடுவது எரிகிற நெருப்பில் எண்ணெய்தான். கட்டிகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, மட்கிய இலையும் சாணமும் கலந்து மண்ணை மாற்றுங்கள். தோட்டத்து ஆட்கள் சிலர் பழக்கதோஷத்தில் எந்த மரத்தைப் பார்த்தாலும் டோலமைட் என்ற சுண்ணாம்புத் தூளைத் தூவுவார்கள். புளிப்பு மண்ணுக்கு அது நல்லதுதான். சிமெண்டு மண்ணுக்கு ஆகாது.

அயோடின் சோதனை

பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். செம்பருத்தி இலை இதற்கு வசதி. மாவிலை தடிப்பும் மெழுகும் நிறைந்தது, நேரம் பிடிக்கும். விடியும் முன் ஒரு இலை, மாலை நான்கு ஐந்து மணிக்கு ஒரு இலை. இரண்டையும் பறித்த உடனே ஒரு நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மருந்துக்கடைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட் ஊற்றிய கிளாஸில் போட்டு, அந்தக் கிளாஸைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இறக்குங்கள். அடுப்பு அணைந்திருக்க வேண்டும். ஸ்பிரிட்டை நெருப்புப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. பச்சை கரைந்து இலை வெளுத்ததும் தண்ணீரில் அலசி, அயோடின் சொட்டு விடுங்கள். மாலை இலை கருநீலமாகும், விடியல் இலை பழுப்பாகவே நிற்கும். பகலில் சேர்த்த மாவுச்சத்தை இரவில் இலை சர்க்கரையாக மாற்றிக் கிளைக்கு அனுப்பிவிடுகிறது. இலையின் ரசாயனம் ஒரே நாளுக்குள் இவ்வளவு மாறும் என்பதைப் பார்த்த பிறகு, நான் ஏன் ஒவ்வொரு தடவையும் அதே நேரத்தில் பறிக்கச் சொல்கிறேன் என்று யாரும் கேட்பதில்லை. இதை வைத்து மரம் எப்போது பூக்கும் என்று ஜோசியம் சொல்ல முடியாது, அதற்கு இது வேண்டாம்.

உரத்தை இலையோடு ஒத்துப் போடுவது

பழம் முடிந்ததும் பட்ட கிளை, குறுக்குக் கிளைகளை வெட்டிவிட்டுப் பச்சை உரம் போடுங்கள். அதுதான் 15:15:15, தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ளது. வெளியே போன பழத்தோடு நிறையச் சத்து போயிருக்கும், அதிலும் பொட்டாசியம் அதிகம். மரம் இப்போது துளிர்க்க வேண்டும், அதற்கு நைட்ரஜன் வேண்டும். துளிர் பச்சை ஏறி நிமிரும் வரை நைட்ரஜனுக்கு நல்ல வேலை இருக்கிறது.

கடைசித் துளிர் முற்ற ஆரம்பித்ததும் நைட்ரஜனை நிறுத்திவிட வேண்டும். ஆண்டு முடிவில் யூரியா போட்டுவிட்டு, தைப்பூசத்துக்குப் பிறகு "டுரியான் பூக்கவில்லையே" என்று வருபவர்களை என்ன சொல்வது? காய்ச்சல் வரும்போது மரம் துளிரில் மும்முரமாக இருந்தால் பூவுக்கு மிச்சம் இருக்காது. பூவும் பிஞ்சும் இருக்கும்போது துளிர் கிளம்பினாலும் ஆபத்துதான், சத்துக்குப் போட்டி வந்து பிஞ்சு கொட்டும். பூக்கும் கட்டத்துக்கும் காய் பெருக்கும் கட்டத்துக்கும் நீல உரம், 12:12:17:2. கடைசி எண் மக்னீசியம்.

மாமரத்துக்குப் பொட்டாசியம் நைட்ரேட் தெளித்துப் பூக்க வைப்பதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1970களில் பிலிப்பைன்ஸ் விஞ்ஞானி ரமோன் பார்பா காட்டிய வழி. ஒன்று இரண்டு சதவீதக் கரைசல், அதாவது ஒரு லிட்டருக்கு 10 முதல் 20 கிராம். நொறுங்கும் இலை இருக்கும் மரத்தில் தெளித்தால் இரண்டு வாரம் அளவில் மொட்டு தெரியும். கசங்கும் இலை இருக்கும் மரத்தில் தெளித்தால் வரப்போவது துளிர்தான், பூ இல்லை. கயிற்றில் இருக்கும் தேதியைப் பாருங்கள். ஆறு ஏழு மாதம் தாண்டாத இலைக்கு இந்த மருந்தை வீணாக்காதீர்கள்.

சருகை எரிக்க வேண்டாம். புகை ஒரு பக்கம் இருக்கட்டும், சருகில் இருக்கும் நைட்ரஜனும் போய்விடும். மரத்தைச் சுற்றி, தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பரப்புங்கள். முதல் மழையிலேயே பொட்டாசியம் இறங்கும், நைட்ரஜன் மட்க மட்க மெதுவாக வரும், கால்சியம் ஆகக் கடைசியில். நோய் பிடித்துக் கொட்டிய இலையை மட்டும் தனியாக அள்ளி அப்புறப்படுத்துங்கள்.

இலையை எங்கே அனுப்புவது என்று கேட்பவர்கள் முதலில் மாவட்ட விவசாய இலாகாவில் விசாரியுங்கள். தனியார் ஆய்வுக்கூடங்களும் உண்டு. தோட்டத்தில் வேலை செய்யும் கிராணி (எழுத்தர்) யாராவது தெரிந்தால் அவர்கள் எங்கே அனுப்புகிறார்கள் என்று கேட்டால் சொல்லிவிடுவார். பையின் மேல் பென்சிலால் எழுத வேண்டியவை: மரத்தின் ரகம், மரத்தின் வயசு, கயிற்றில் இருக்கும் துளிர்த்த தேதி, பறித்த தேதியும் நேரமும், காய் உள்ள கிளையா இல்லாத கிளையா, கடைசியாக என்ன உரம் எப்போது போட்டீர்கள், கடைசியாகப் பெரிய மழை எப்போது. இதையே ஒரு நோட்டுப் புத்தகத்திலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் அதே நிறக் கயிற்று இலையை, அதே வயசில் எடுத்து அனுப்பும்போது அந்தப் பக்கத்தைப் புரட்ட வேண்டியிருக்கும்.